பாண்டத்தின் பெயரும் பாண்டத்தின் விலையும்



தலைமையேற்கச் சொல்லிக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. என் ஆசிரியர்கள் இருவர் முன்வரிசையில் இருக்கிறார்கள். பின்னால் என் மாணவர்கள். என் பிழைகள் இரு தரப்புக்குமே தெரியும்.

மாநாட்டுப் பொருள் ஒட்டோமான் பேரரசின் கலையும் பொருட்பண்பாடும். கட்டடக் கலைஞர் சினானின் பள்ளிவாசல்கள், பூர்சாப் பட்டு, உஷாக் கம்பளம், அரண்மனை ஓவியக்கூடம் எல்லாவற்றையும் மூன்று நாளில் நீங்கள் பேசிவிடுவீர்கள். எனக்கு ஒரு தட்டு போதும்.

அனடோலியாவின் இஸ்னிக் ஊரில் செய்த தட்டு. கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும், அதன் சிவப்பு மட்டும் புடைத்து நிற்கும். இரும்புச்சத்துள்ள மண்ணைக் கெட்டியாகக் குழைத்துப் பூசி, மேலே பளிங்கு மெருகு ஏற்றிச் சுட்டது. கண்ணை மூடித் தடவினாலே துலிப் இதழ் எங்கே என்று விரல் சொல்லிவிடும். 1550களின் இறுதியில் சுலைமானியே பள்ளிவாசல் ஓடுகளில் தலைகாட்டிய நிறம் இது.

இந்தத் தட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர் ‘ரோட்ஸ் பாண்டம்’. பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகம் ரோட்ஸ் தீவிலிருந்து நூற்றுக்கணக்கில் வாங்கியது. வாங்கிய இடமே பிறந்த இடமாகிவிட்டது. ஊதாவும் இளம்பச்சையும் கலந்தவை ‘டமாஸ்கஸ்’ ஆயின. இஸ்தான்புல்லில் அஞ்சலகம் கட்டத் தோண்டியபோது சுருள்கொடி வரைந்த பாண்டத் துண்டுகள் கிடைத்தன; உடனே பக்கத்துக் கடற்கழியின் பெயரால் ‘தங்கக் கொம்பு’ என்றார்கள். நாம் சிரிக்க வேண்டாம். துருக்கியர் சுவரோட்டைச் ‘சினி’ என்கிறார்கள், நாம் சர்க்கரையைச் ‘சீனி’ என்கிறோம். இரண்டிலும் இருப்பது சீனாவின் பெயர்தான்.

ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்திலிருந்து வந்த விளக்கு ஒன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முஸ்லி என்ற ஓவியன் 1549க்கு நேரான ஹிஜ்ரி ஆண்டோடு கையெழுத்திட்டது. இஸ்னிக்கின் ஞானி எஷ்ரஃப்ஸாதேயின் பெயரும் அதில் உண்டு. ‘டமாஸ்கஸ்’ வண்ணங்களுக்கு அதோடு ஊர் மாறியது. மிச்சச் சந்தேகத்தை 1960களில் ஒக்தாய் அஸ்லனாபா இஸ்னிக்கில் நடத்திய அகழாய்வு தீர்த்தது. அங்கே சூளையில் கோணிப்போனவையும் கருகியவையும் கிடைத்தன. நல்ல பாண்டம் ஊர் ஊராகப் போகும். கோணிப்போனதை யார் கட்டிச் சுமப்பார்கள்?

இதுவரை யாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டீர்கள். இனி வரலாம்.

ஊர்ப்பெயரைத் திருத்திய நாம், உடைமையாளரின் பெயரைத் திருத்தவில்லை. இன்றும் ‘அரண்மனைக் கலை’ என்றே எழுதுகிறோம். அரண்மனை கேட்டது, இஸ்னிக் செய்தது. அரண்மனை விலையை இறுக்கியது, இஸ்னிக் செத்தது. பல ஆண்டுகளுக்கு முன் இதை மறுத்து ஒரு கட்டுரை வாசித்தேன். மேடையிலிருந்த பெரியவர் ஒருவர் “இது கலைவரலாறு இல்லை, மளிகைக்கடைக் கணக்கு” என்றார். அவரிடம் படித்தவற்றுக்கு நான் கடன்பட்டவன். அந்தப் பட்டத்தை மட்டும் இன்று நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்குச் சாட்சியே மளிகைக்கடைக் கணக்குதான்.

1640இல் இஸ்தான்புல் சந்தைக்கு அரசு விதித்த விலைப்பட்டியல் இருக்கிறது, இஸ்னிக் பாண்டமும் அதில் உண்டு. முபாஹாத் கூத்தூகோலு 1983இல் பதிப்பித்தார். இங்கிருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருக்கிறோம்? சந்தை விலை விதிப்பது கடையில் வாங்குகிறவனுக்காக. சுல்தான் கடைக்குப் போய்ப் பேரம் பேசுகிறவர் இல்லை. இன்னும் பின்னால் போங்கள். 1529ஆம் ஆண்டுக் குடுவை ஒன்றின் ஆர்மீனிய எழுத்து, அதை இன்னொரு குயவர் ஊரான கூத்தாஹ்யாவில் ஒரு மடத்துக்காகச் செய்யச் சொன்ன செய்தியைத் தாங்கி நிற்கிறது. அங்கே கேட்டவர் ஓர் ஆயர்.

இஸ்னிக்கின் நீதிபதியான காதிக்கு இஸ்தான்புல்லிலிருந்து போன ஆணைகளை அரண்மனைக் கட்சிக்காரர்கள்தான் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள். குயவர்கள் வெளியாருக்கு வேலை செய்கிறார்கள், முதலில் நம் ஓடுகளை முடிக்கச் சொல் என்கின்றன அவை. இதை அதிகாரத்தின் குரலாகப் படிக்கிறார்கள். எனக்கு இது வரிசையில் நின்று அலுத்துப்போன வாடிக்கையாளரின் குரலாகக் கேட்கிறது. சொந்த ஆளாக இருந்தால் இத்தனை தடவை எழுத வேண்டுமா?

1617இல் முடிந்த சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலுக்கு இருபதாயிரத்துக்கும் மேல் ஓடுகள் போயின. அவ்வளவு பெரிய வேலை வந்த பிறகும் சில பத்தாண்டுகளில் இஸ்னிக் சுருங்கியது. முன்னூறு பட்டறை இருந்த இடத்தில் ஒன்பது மிஞ்சியதாகப் பயணி எவ்லியா செலெபி எழுதினார். எவ்லியா எண் சொன்னால் நான் பாதிதான் நம்புவேன், சரிவை நம்புகிறேன். காரணம் அரண்மனையின் கஞ்சத்தனம் மட்டும் என்றால், மற்ற வாடிக்கையாளர்கள் எங்கே போனார்கள்? தட்டு வாங்கிய குடும்பங்கள் பிறகு எதில் சாப்பிட்டன? இதற்கான விடை இறந்தோர் சொத்துப் பட்டியல்களில், காதி நீதிமன்றப் பதிவேடுகளில் கிடக்கிறது.

நாளை மறுநாள் ‘அரண்மனை ரசனை’ என்றொரு அமர்வு இருக்கிறது. அதன் தலைவர் என் நீண்டகால நண்பர், இப்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்காக 1640 பட்டியலின் நகல் ஒன்றைப் பையில் கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் தருகிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.