முன்னேர் போன தடம்

(நஞ்சன்கூட்டில் நடைபெற்ற சங்க உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு நாம் இங்கே கபிலைக் கரையில் கூடியிருக்கிறோம். இன்னும் சற்று நேரத்தில் இந்த ஊர்க் கிளைக்கு முதல் தலைவரையும் முதல் பொருளாளரையும் தேர்ந்தெடுக்கப் போகிறோம். "யார் வந்தால் என்ன?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோம்.

முன்னேர் போன வழியே பின்னேர் போகும் என்பது நம் உழவர்கள் கண்ட உண்மை. வேலைத்தளத்திலும் இதைப் பார்க்கிறோம். முதலில் வந்த மேஸ்திரி கூலியில் தலைக்கு இவ்வளவு என்று பிடித்தால், அடுத்து வருகிறவரும் பிடிக்கிறார். கேட்டால் "வழக்கம்" என்கிறார். ஆள் போய்விடுவார்; வழக்கம் போகாது. நாட்டின் நாற்காலிக்கும் இதே கதைதான்.

1947இல் ஜவாகர்லால் நேரு முதல் பிரதமரானார். பிரதமர் பதவியைப் பற்றி அரசியல் சட்டம் மிகச் சுருக்கமாகவே பேசுகிறது. மீதியை அவருடைய நடைமுறைதான் எழுதியது. 1952, 1957, 1962 என்று தவறாமல் பொதுத் தேர்தல் நடந்தது. 1962 நவம்பரில் சீனப் போரின் நடுவிலேயே நாடாளுமன்றம் கூடி அரசைக் கேள்வி கேட்டது. 1963 ஆகஸ்டில் கிருபளானி கொண்டுவந்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நேரு சபையிலேயே சந்தித்தார்.

ஆனால் முதல்வர் போட்ட தடமெல்லாம் நல்ல தடமா? 1959ஆம் ஆண்டின் ஒரே ஒரு வாரத்தைப் பாருங்கள்.

அந்த ஆண்டு ஜூலை 31 அன்று, கேரளத்தில் மக்கள் வாக்களித்து அமைத்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசை நேருவின் மத்திய அரசு கலைத்தது. சரியாக ஏழு நாள் கழித்து, ஆகஸ்டு 7 அன்று, அதே நேரு மக்களவையில் ஓர் உறுதி தந்தார்: இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்றார்.

இரண்டுமே பின்னால் வந்தவர்களுக்குத் தடம் ஆயின. 1965இல் தமிழகம் கொந்தளித்தபோது, பிரதமர் லால்பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதியைக் காப்பதாகச் சொன்னார். 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி அந்தச் சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்தது. சொன்னவர் 1964இலேயே மறைந்துவிட்டார். அவர் சொல் நம் பிள்ளைகளுக்கு வேலியாக நின்றது.

மற்றத் தடம் எங்கே போயிற்று? 1976இல் தமிழகத்தில் கலைஞர் அரசு கலைக்கப்பட்டது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு. 1989இல் நாம் பிழைக்க வந்த இந்தக் கர்நாடகத்தில் எஸ்.ஆர். பொம்மை அரசு. பெரும்பான்மையைச் சட்டமன்றத்திலேயே மெய்ப்பிக்கிறேன் என்று அவர் கேட்டும் வாய்ப்புத் தரவில்லை. அவர் வழக்காடினார். பெரும்பான்மையைச் சபையில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1959இல் ஆழமாகிப்போன அந்தத் தடத்துக்கு ஒரு தடுப்புப் போட 35 ஆண்டு ஆயிற்று.

தோழர்களே, நேருவை வணங்கவோ வையவோ இதைச் சொல்லவில்லை. நல்லவர் என்று நம்பி ஒருவர் கையில் கொடுக்கும் அதிகாரம், நாளை நமக்குத் தெரியாத ஒருவர் கைக்கும் போகும். கொடுக்கும்போதே அதை நினைக்க வேண்டும்.

நம் கிளை சிறியது. ஆனாலும் முதல் பொருளாளர் மாதந்தோறும் கணக்கு நோட்டைக் கூட்டத்தில் விரித்து வைத்தால், அடுத்தவர் அதை மூடி வைக்க வெட்கப்படுவார். முதல் தலைவர் பெண்களின் கேள்விக்கு நின்று பதில் சொன்னால், அடுத்தவர் முகம் திருப்ப முடியாது. தவணை முடிந்த அன்று அவர் தாமாக எழுந்தால், அடுத்தவரும் எழுவார்.

ஆகவே, இன்று தேர்ந்தெடுக்கப்படுகிறவரிடம் இந்த மூன்றையும் கேட்டு வாங்குவோம். மினிட் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்போம்.