தாயகம் திரும்பும் மூத்தோரும் வீட்டு மின்சாதனங்களும்

(மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



ஓய்வுக் காலத்தை யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ கழிக்க எண்ணி ரொறன்ரோவிலிருந்து புறப்படும் குடும்பங்களில், பயணநாள் நெருங்கும்போது ஒரு விவாதம் எழுவது வழக்கம். இங்குள்ள மின்சாதனங்களைப் பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்புவதா, அங்கு சென்று புதிதாக வாங்குவதா? பிள்ளைகள் வாங்கித் தந்தவை என்ற பற்றும், இன்னும் நன்றாக இயங்குகின்றனவே என்ற சிக்கன எண்ணமும் சேர்ந்து பல பெட்டிகளை நிரப்பிவிடுகின்றன. எனினும் இதனைத் தீர்மானிக்க வேண்டியது பற்றும் அன்று, விலையும் அன்று. சாதனத்தின் பின்புறத்திலோ அடியிலோ ஒட்டப்பட்டுள்ள சிறு வில்லையே அதனைத் தீர்மானிக்கிறது.

கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் அது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். இங்கு 1,500 வாற்று எடுக்கும் கேத்தலை அங்கு நேரடியாகச் செருகினால், அது 5,500 வாற்றுக்கும் அதிகமாக இழுக்க முற்படும். சுருள் எரிந்து போவது சிறிய இழப்பு. வீடு தீப்பற்றுவது பெரிய இழப்பு. விமான நிலையங்களில் விற்கப்படும் சிறிய செருகி மாற்றிகள் முனையின் வடிவத்தை மட்டுமே மாற்றுகின்றன. மின்னழுத்தத்தை அவை தொடுவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் றைஸ் குக்கரையும் அயனையும் இழந்தவர்கள் பலர்.

மின்மாற்றி ஒன்றை வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்கப்படுவதுண்டு. அது வோல்ற்றைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸுக்கென அமைந்த சாதாரண மோட்டார் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதலாகச் சூடேறி உழைக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு மின்மாற்றி பூட்டினால் அது இரவும் பகலும் தானும் மின்சாரம் தின்றுகொண்டிருக்கும். ஆகவே சூடாக்குவனவும் சுழல்வனவும் இங்கேயே நிற்பது நல்லது.

இவற்றுள் ஏமாற்றும் வில்லை ஒன்றுண்டு. கனடிய மின்னடுப்பிலும் துணி உலர்த்தியிலும் 240 வோல்ற்று என்று எழுதியிருக்கும். அதனைக் கண்டு, இலங்கைக்குப் பொருந்தும் என்று பலர் மகிழ்கின்றனர். ஆயின் இங்குள்ள 240 என்பது இரண்டு 120 வோல்ற்றுக் கம்பிகளுக்கு இடைப்பட்டது. உலர்த்தியின் மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பகுதிகளும் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றிலிருந்து 120 வோல்ற்றையே பெறுகின்றன. அங்கு அந்த ஏற்பாடு இல்லை.

"100–240 வோல்ற்று, 50/60 ஹேர்ட்ஸ்" என வில்லையில் இருப்பவை தயக்கமின்றிச் செல்லலாம். மடிக்கணினி, கைத்தொலைபேசி ஆகியவற்றின் மின்னேற்றிகள் பெரும்பாலும் இவ்வகையின. தொலைக்காட்சியில் இரு வகையும் உண்டு. வில்லை பொருந்தினாலும் வட அமெரிக்க அலைவாங்கி அங்குள்ள ஒளிபரப்பைப் பிடிக்காது. தனிப்பெட்டி ஒன்றை எச்டிஎம்ஐ வழியாக இணைக்க வேண்டும். பழுதடைந்தால் கனடிய உத்தரவாதம் பெரும்பாலும் கடல் கடந்து வருவதில்லை என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பார்க்கப்பட வேண்டியவை மருத்துவக் கருவிகள். நித்திரையில் மூச்சுத் தடைப்படுவோர் பயன்படுத்தும் சீபாப் கருவிகளுள் பெரும்பாலானவை இரு நாட்டு மின்சாரத்தையும் ஏற்பவை. ஆனால் வீட்டில் நிலையாக வைக்கப்படும் ஒட்சிசன் செறிவாக்கிகள் பல 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸுக்கு மட்டுமே உரியவை. அத்தகைய கருவியை நம்பியிருப்பவர், 230 வோல்ற்றுக் கருவி அங்கு தயாராக இருப்பதை உறுதி செய்தபின்னரே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். மின்வெட்டும் மறக்கத்தக்கதன்று. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. இரவுக் கருவிக்கு மாற்று மின்கலம் ஆடம்பரமாகாது. உதிரி லிதியம் மின்கலங்கள் கைப்பொதியிலேயே செல்ல வேண்டும். 100 வாற்று-மணியைத் தாண்டியவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை, 160-ஐத் தாண்டியவை ஏற்கப்படா. சீபாப் கருவியையும் பொதிகளுடன் ஒப்படைக்காது கையில் கொண்டு செல்வதே முறை.

இங்கு விட்டுச் செல்லும் இலத்திரனியற் பொருட்கள் நீலத் தொட்டிக்கு உரியவை அல்ல. இயங்குபவற்றை உறவினருக்கோ தொண்டு நிலையத்துக்கோ கொடுக்கலாம். ஏனையவற்றை நகரசபையின் கையளிப்பு நிலையங்கள் ஏற்கின்றன. பழைய கணினியையும் கைத்தொலைபேசியையும் கொடுக்குமுன், வங்கி விபரங்களும் குடும்பப் படங்களும் அவற்றிலிருந்து அழிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பேரப்பிள்ளை ஒருவரின் அரை மணி நேரம் போதுமானது.