நன்னீரின் பெயர் கொண்ட ஊர்

சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்குக் கோடியில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் இருக்கிறது சுங்கை ஆயர் தாவார் என்னும் சிற்றூர். 'சுங்கை' என்றால் ஆறு. 'ஆயர் தாவார்' என்றால் உப்பில்லாத நீர். கடலோரத்து ஊருக்கு இப்படியொரு பெயரா என்று கேட்கலாம். உப்பு நீர் சூழ்ந்த இடத்தில்தான் நன்னீர் பெயர் சொல்லத்தக்க பொருளாகிறது என்றே எனக்குப் படுகிறது.

இவ்வட்டார நிலம் கடல் தந்த நிலம். வடக்கே பேராக் மாநில எல்லையாக ஓடும் பெர்ணம் ஆறும் கடலும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்த்த களிமண் அது. மிகத் தாழ்வானது. எனவே கண்டல் காட்டுக்கு உட்புறமாக மண்கரை கட்டி, அதில் மதகுகள் வைத்தார்கள். கடல் ஏறும்போது மதகின் கதவை அந்நீரே தள்ளிச் சாத்திவிடும். கடல் இறங்கும்போது உள்ளே தேங்கிய மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். காவலாளே வேண்டாத கதவு!

ஆனால் மதகுக்கு நீரைக் கொண்டு சேர்க்கக் கான்கள் வேண்டுமே. தோட்டத்துத் தமிழில் கான் என்பது வடிகால். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கானில் நீர் மிகுந்து நின்றால் வேர் அழுகும். அளவுக்கு மீறி வடித்துவிட்டாலோ, களிமண்ணில் புதைந்துள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றுப்பட்டு அமிலமாகும், பயிர் குன்றும். நீரை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்பதே இம்மண்ணில் விவசாயத்தின் பாதி.

ஜாவானியரும் பஞ்சாரியரும் இங்கே காடழித்துக் குடியேறினர். தோட்டங்களுக்குத் தமிழர்கள் கங்காணிகள் வழியாகத் திரட்டி வரப்பட்டனர். 1938-இல் இந்திய அரசு அத்தகைய தொழிலாளர் வருகைக்குத் தடை விதித்தது. ஆற்றுக்கு அப்பால் ஜெண்டராட்டா தோட்டத்தை 1906-இல் தொடங்கியவர் வெஸ்டன்ஹோல்ஸ் என்னும் டேனியர். தெற்கே கோலசிலாங்கூரில், 1917-இல் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைக்குத் தென்னையின் பெயர்! கடலோரக் களிமண்ணில் தென்னைதான் முன்பு செழித்தது. பிறகு அதன் நிழலில் கொக்கோ வந்தது. பிறகு செம்பனை பரவியது.

பயிர் மாறலாம், மனிதர் என்ன செய்வது? தோட்டம் தனியார் நிலம். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை அனுபவித்தன. கான் வெட்டி நிலத்தை உண்டாக்கியவர்களுக்கு அந்நிலத்தில் ஒரு மனைக்கட்டும் இல்லை. ஊர் என்று அவர்கள் சொன்ன இடம், ஆவணத்தில் வெறும் தோட்டப் பிரிவு.

தென்கிழக்கே ராஜா மூசா, சுங்கை காராங் கரிச்சதுப்புக் காடுகள் உள்ளன. 1990-இல் அவை காப்புக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. பஞ்சுபோல் மழைநீரை உறிஞ்சிவைத்து, தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு மெல்ல விடுவது இக்காடுகளே. அவற்றை வடித்தால் கரிமண் தாழும், வறட்சியில் தீப்பிடிக்கும்.

அப்பக்கம் போகும் நேயர்கள் கானில் ஓடும் நீரின் நிறத்தைப் பாருங்கள். தேநீர்க் கறுப்பு என்றால் சதுப்புக் காட்டிலிருந்து வருகிறது. துருச் சிவப்பு என்றால் யாரோ கானை ஆழமாக வெட்டிவிட்டார்கள்.