வெடிப்பில் படித்த தெய்வ வாக்கு: சீன, ஜப்பானியச் சமயங்களின் தொடக்கம்



இவ்வறக்கட்டளையை நிறுவிய பெரியவரின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் இச்சொற்பொழிவில், சீனம், ஜப்பான் ஆகிய இரு தேசங்களின் பூர்வ சமயங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். இப்பொருளை எடுத்துக்கொள்வோர் கன்பூசியஸ், லாவோட்சு ஆகிய ஞானியரிடமிருந்து தொடங்குவது வழக்கம். அவர்களை நான் மிகவும் பிற்காலத்தவராகவே கருதுகிறேன். ஸ்தாபகர் என்று ஒருவரும், வேதம் என்று ஒரு நூலும் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, அவ்விரு நாடுகளிலும் மனிதன் கண்காணாத சக்திகளிடம் கேள்வி கேட்டு விடை பெறுவதற்கு ஒரு முறையை வகுத்துக்கொண்டான். தத்துவமும் நீதியும் அந்த முறையின்மேல் பிறகு எழுந்த கட்டடங்கள்.

சீனத்தில் அதற்குரிய சாசனம் மண்ணுக்கடியில் கிடந்தது. வட சீனத்தின் ஹெனான் மாகாணத்து ஆன்யாங் பகுதியில் உழவர்கள் நிலத்திலிருந்து எடுத்த பழைய எலும்புத் துண்டுகள் ‘டிராகன் எலும்பு’ என்ற பெயரில் மருந்துக் கடைகளுக்குப் போய்ப் பொடியாகிக் கொண்டிருந்தன. 1899-இல், பீக்கிங் நகரத்து அறிஞர் வாங் யிரோங் அவற்றின்மீது புராதன எழுத்துகள் இருப்பதை இனங்கண்டார். தம் நோய்க்கு வாங்கிய மருந்திலேயே அவற்றைக் கண்டார் என்று ஒரு கதை உண்டு. கதை அழகானது, அவ்வளவுதான். 1928-இல் முறையான அகழாய்வு தொடங்கியது; 1936-இல் ஒரே குழியில் 17,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. இவ்வெலும்புகளுக்குரிய பண்டைய ஷாங் அரச வம்சம் வெறும் புராணக் கற்பனையோ என்ற ஐயம் அத்தோடு தீர்ந்தது.

கேள்வி கேட்ட விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மாட்டின் தோள்பட்டை எலும்பையோ ஆமையின் வயிற்றோட்டையோ இழைத்துச் சுத்தம் செய்து, பின்புறத்தில் வரிசையாகக் குழிகள் குடைந்து வைப்பார்கள். விஷயத்தை வாய்விட்டுச் சொல்லி, பழுக்கக் காய்ச்சிய முனையைக் குழியில் வைத்தால், முன்புறத்தில் நெடுக்காக ஒரு வெடிப்பும் அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளையும் ஓடும். அதைப் பார்த்துச் சுபமா அசுபமா என்று பலன் சொல்லும் உரிமை அரசனுடையது. பின்னர், கேட்ட நாள், கேட்டவர் பெயர், கேள்வி, பலன், சில வேளைகளில் உண்மையில் நடந்தது என்ன என்பது வரையில் அந்த ஓட்டிலேயே செதுக்கி வைப்பார்கள்.

கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் அரசாண்ட வு டிங் மன்னனின் தேவி ஃபூ ஹாவ் கருவுற்றிருந்தபோது, பிரசவம் நலமாகுமா என்று கேட்கப்பட்டது. இன்னின்ன நாள்களில் பிறந்தால் நலம் என்று மன்னன் பலன் சொன்னான். 31 நாள் கழித்துக் குழந்தை பிறந்தது. மன்னன் குறித்த நாளில் அல்ல. பிறந்தது பெண் என்றும், ஆகவே நன்றன்று என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாயோ, 13,000 பேர் கொண்ட படையோடு சம்பந்தப்படுத்தி அதே எலும்புகளில் பேசப்படும் வீராங்கனை! அந்த முரண்பாடு அவர்கள் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

இக்கேள்விகளிலிருந்து ஷாங் மக்களின் தெய்வ உலகம் நன்கு புலப்படுகிறது. ‘டி’ என்னும் மேலான தெய்வம் மழையையும் காற்றையும் ஏவுவது. விளைச்சலையும் போரின் வெற்றியையும் கையில் வைத்திருப்பது. ஆயினும் அதற்கு நேரடியாகப் பலியிட்டதற்குச் சான்று அரிது. பலிகளெல்லாம் நெருங்கியவர்களுக்கே, அதாவது இறந்துபோன முன்னோர்களுக்கே சென்றன. வு டிங்குக்குப் பல்வலி கண்டபோது, தன் தந்தையும் பெரியப்பன்மார் மூவருமாகிய நால்வரில் எவருடைய மனத்தாங்கலால் இவ்வலி வந்தது என்று, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, ‘இவரா? இவர் இல்லையா?’ என்று இரட்டையாகக் கேட்டிருக்கிறான். ஷாங் வாரத்துக்குப் பத்து நாள். முன்னோர் ஒவ்வொருவருக்கும் அப்பத்து நாள்களில் ஒன்றின் பெயரே வழங்கியது. அந்நாள் வந்தால் அவருக்குரிய படையல் தவறக் கூடாது. இறந்தவர் குடும்பத்தை விட்டு நீங்குவதில்லை, பதவி உயர்ந்துபோகிறார் என்பதே அவர்கள் கொள்கை. இதைப் புகழ்ந்து பேசும்போது, அப்படையல்களில் ஆடுமாடுகளோடு போர்க்கைதிகளும் நூற்றுக்கணக்கில் வெட்டப்பட்டனர் என்பதை மறைத்துவிடுதல் ஆகாது.

கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் ஷாங்கை வென்ற சௌ வம்சத்தார், தாங்கள் வென்றதற்கு நியாயம் கூற வேண்டியவர்களானார்கள். ‘வானம்’ என்னும் பரம்பொருள் தர்மசீலனுக்கே ஆணை தரும், கொடியவனிடமிருந்து அதைப் பறிக்கும் என்று அவர்கள் பிரகடனம் செய்தபோது, பலியால் இணங்கவைத்த தெய்வ உலகம் நடத்தையை எடைபோடும் உலகமாக மாறியது. அரசியல் தேவையிலிருந்து பிறந்ததாயினும், சீனச் சமய வரலாற்றில் இதனினும் பெரிய திருப்பம் இல்லை. கன்பூசியஸ் பெற்ற பிதுரார்ஜிதம் இதுவே.

இனி ஜப்பான். அங்கே எழுத்து பிந்தி வந்தமையால், நமக்குக் கிடைக்கும் முதல் விரிவான சாட்சி சீனர் எழுதியது. 3-ஆம் நூற்றாண்டுச் சீன வரலாறு, கடலுக்கப்பால் ஹிமிகோ என்னும் அரசி மணம் புரியாமல், ஆவி வழிபாட்டால் மக்களைத் தன்வயப்படுத்தி ஆண்டதைக் கூறுகிறது. அந்நாட்டார் எதையும் தொடங்குமுன் எலும்பைச் சுட்டு வெடிப்பைப் பார்த்து நன்மை தீமை அறிந்தனர் என்றும் சொல்கிறது. ஜப்பானியர் தாமே எழுதிய ‘கோஜிகி’ முடிந்தது 712-இல். சக்கரவர்த்தி குலத்தைச் சூரிய தேவியின் வழித்தோன்றலாக நிலைநாட்டும் நோக்கம் அதில் வெளிப்படை. எனினும் பழைய ஐதிகங்கள் அதில் அழியாமல் உள்ளன. இசானாகி, இசானாமி என்னும் ஆதி தம்பதிகளுக்கு முதலில் பிறந்த மகவு குறையுடையதாக இருந்தது. காரணம் அறிய வானத்துத் தெய்வங்களை அடைந்தார்கள். அத்தெய்வங்களோ குறி பார்த்தே விடை சொன்னார்கள்! மணச் சடங்கில் பெண் முந்திப் பேசியது பிழையாம். தெய்வங்களும் தமக்கு மேற்பட்ட ஒன்றிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அச்சமயத்தில், சர்வ வல்லமை என்னும் எண்ணத்துக்கு இடமில்லை.

பிற்பாடு இரு நாடுகளின் வழியும் பிரிகிறது. மனைவியை இழந்த இசானாகி பாதாளம் சென்று, அவள் அழுகிய உருவைக் கண்டு ஓடி வந்து, அந்தத் தீட்டுப் போக நீராடினான். இடக்கண்ணைக் கழுவியபோது சூரிய தேவியாகிய அமதெராசு தோன்றினாள். சௌ வம்சத்தார் தர்மத்தை வைத்த இடத்தில் ஜப்பானியர் தூய்மையை வைத்தனர். மேலும், ‘காமி’ எனப்படும் அவர்களுடைய தெய்வங்கள் அரச முன்னோர் மட்டும் அல்லர்; மலையும் இடியும் நரியும், தீயவையாயினும் பிரமிப்பூட்டும் எதுவும் காமியே என்று 18-ஆம் நூற்றாண்டு அறிஞர் மோத்தோஓரி நோரினாகா வரையறுத்தார். நாரா மாநிலத்து மிவா கோயிலில் மூலஸ்தானம் என்று ஒரு கட்டடம் இல்லை. பக்தர் கைகூப்புவது பின்னால் நிற்கும் மலையை நோக்கியே.

எலும்பைச் சுட்ட வழக்கத்தின் மிச்சம் ஜப்பானில் இன்றும் உண்டு. புதிய சக்கரவர்த்தி பட்டமேற்றபின் செய்யும் புத்தரிசி நிவேதனத்துக்கு நெல் எந்த மாநிலத்திலிருந்து வரவேண்டும் என்பதை அரண்மனையில் ஆமையோட்டைச் சுட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். 2019 மே மாதத்தில் கிழக்கே டொச்சிகியும் மேற்கே கியோட்டோவும் தேர்வாயின; அவ்விரு மாநிலங்களின் வயல்களில் விளைந்த அரிசியையே நவம்பரில் சக்கரவர்த்தி தம் கையால் நிவேதித்தார்.