அச்சுக்கூடத்திலிருந்து ஆட்சி மன்றத்துக்கு



கடல் கடந்து வந்த ஒருவர், வந்து சேர்ந்த தேசத்தின் பொதுக் காரியங்களில் அபிப்பிராயம் சொல்வதற்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் எழும் கேள்விக்கு, இந்த ரொறன்ரோ நகரின் முதல் மேயருடைய சரித்திரமே விடை சொல்கிறது. வில்லியம் லயன் மக்கென்சி 1795இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தவர். 1820இல் பிழைப்புத் தேடிக் கனடாவுக்கு வந்து கடை வைத்தவர். வந்த நான்கே ஆண்டுகளில், 1824 மே மாதத்தில், நயாகரா நதிக்கரையில் உள்ள குவீன்ஸ்டனில் ‘கொலோனியல் அட்வகேட்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அவ்வாண்டு முடிவதற்குள் அது, அந்நாளில் யோர்க் எனப்பட்ட இந்நகருக்கு வந்துவிட்டது.

இந்நகர் அடங்கியிருந்த மேல் கனடா மாகாணத்தின் உயர்ந்த உத்தியோகங்களும் நிலமானியங்களும் ஒரு சில குடும்பங்களின் கைக்குள் சுழன்றுகொண்டிருந்த காலம் அது. யார் எந்தப் பதவியில் இருக்கிறார், அவருக்கு யார் உறவு, பொதுப் பணத்திலிருந்து அவருக்கு எவ்வளவு போகிறது என்ற விவரங்களை மக்கென்சி வாரந்தோறும் பிரசுரித்தார். கண்ணியம் குறைந்த வசைகளையும் அவற்றோடு கலந்தே எழுதினார். அதை மறைப்பது சரித்திரத்துக்கு நியாயமாகாது.

1826 ஜூன் 8ஆம் தேதி, பகல் வெளிச்சம் மறையுமுன்பே, அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த வாலிபர்கள் சாமுவேல் ஜார்விஸ் என்பவரின் தலைமையில் அச்சுக்கூடத்தில் புகுந்து, கோத்து வைத்திருந்த பக்கங்களைக் கலைத்து, எழுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்து, ஈய எழுத்துகளை அள்ளிக்கொண்டுபோய் ஏரியில் எறிந்தார்கள். தடுக்கவேண்டிய நீதவான்கள் தடுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையிலிருந்து பொறுக்கி, தலைகீழாக வைத்து, வரி வரியாக அடுக்கிப் பக்கமாக்கும் அச்சுக்கோப்பவரின் உழைப்பை அறிந்தவர்களுக்கு அந்த நஷ்டத்தின் ஆழம் விளங்கும். கடன்காரர்களுக்கு அஞ்சி ஊரில் இல்லாதிருந்த மக்கென்சி, திரும்பி வந்து வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் விதித்த 625 பவுண் நஷ்டஈடு, மூழ்கவிருந்த பத்திரிகையைக் கரையேற்றியது. ஜார்விஸ் குடும்பத்தின் பெயரைத்தான் நம்மில் பலர் தினமும் நடந்து கடக்கும் ஜார்விஸ் வீதி இன்றும் தாங்கி நிற்கிறது.

1828இல் யோர்க் கவுண்டி ஜனங்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். 1831 டிசம்பரில், அவதூறு எழுதினார் என்று சபை அவரை வெளியேற்றியது. அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில், 119 வாக்குகளுக்கு எதிராக ஒரே ஒரு வாக்கு என்ற கணக்கில் ஜனங்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். சபை மீண்டும் மீண்டும் வெளியேற்றியது; ஜனங்களும் சளைக்கவில்லை. 1834இல் யோர்க், ரொறன்ரோ என்னும் பெயருடன் நகரமானபோது, நகரசபை அவரையே மேயராகத் தேர்ந்தது.

இனி நான் சொல்லப்போவது கசப்பானது. ஆயினும் இதைச் சொல்லவே இன்று அவருடைய சரித்திரத்தை எடுத்தேன். 1837 டிசம்பரில், சீர்திருத்தத்தில் நம்பிக்கை இழந்த மக்கென்சி, யங் வீதியில் மொன்ட்கொமெரியின் சத்திரத்தில் ஆட்களைத் திரட்டி ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கினார். அது சில நாட்களில் சிதறியது. அவர் எல்லை கடந்து அமெரிக்காவுக்குத் தப்பினார். அவரை நம்பித் திரண்டவர்களில் கொல்லர் சாமுவேல் லவுண்டும், விவசாயி பீற்றர் மத்தியூசும் 1838 ஏப்ரல் 12ஆம் தேதி இந்நகரில் தூக்கிலிடப்பட்டார்கள். பத்திரிகை நடத்துகிறவரின் வாக்கை ஜனங்கள் எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அந்த இருவரின் மரணத்தைவிடக் கொடிதாக எதுவும் காட்ட முடியாது. கணக்கு வழக்குகளை அச்சிட்ட மக்கென்சியை நான் வணங்குகிறேன். ஆயத்தமில்லாத மனிதர்களைத் துப்பாக்கிகளின் முன் நடத்திய மக்கென்சியிடம் எனக்கு அந்த வணக்கம் இல்லை.

அமெரிக்காவில் அவர் சிறையும் வறுமையும் கண்டு, பொதுமன்னிப்பின் பிறகு 1850இல் திரும்பி, அடுத்த ஆண்டே ‘குளோப்’ பத்திரிகையின் ஸ்தாபகரும் தம்மைப் போலவே ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவருமான ஜோர்ஜ் பிரவுனை ஹோல்டிமண்ட் தொகுதியில் தோற்கடித்து மீண்டும் சட்டசபைக்குள் சென்றார். 1861இல், நண்பர்கள் நிதி திரட்டி வாங்கிக் கொடுத்த பொண்ட் வீதி வீட்டில் காலமானார்.

நம்மவரிலும் இவ்வழி நடந்தவர் உண்டு. தஞ்சைச் சீமையில் பிறந்து இலங்கைக்குச் சென்ற கோ. நடேசய்யர், ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ என்னும் பத்திரிகைகளை நடத்தி, தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டு, 1936இல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குள் சென்றார். எழுத்து அறியாத தொழிலாளரிடம் பத்திரிகை எவ்வாறு சேரும்? அவருடைய மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார். பத்திரிகை எட்டாத காதுகளுக்குப் பாட்டு எட்டியது. அந்த அம்மையாரின் பெயர் இங்கே படிக்கும் பெண்களுக்குத் தெரியாதிருப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

இன்று தமிழில் பட்டம் பெறும் மாணவ மாணவியரே, ரொறன்ரோ நகரசபையின் கூட்டங்களும் பள்ளிச்சபைகளின் கூட்டங்களும் பொதுஜனங்களுக்குத் திறந்தே இருக்கின்றன. வீட்டு வரி எங்கே செலவாகிறது, எந்தப் பேருந்துத் தடம் நிறுத்தப்படுகிறது, எந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பு குறைக்கப்படுகிறது என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படுகின்றன. உங்களில் பத்துப் பேர் முறைவைத்து அங்கே போய் அமர்ந்து, கேட்டதைப் பிழையின்றித் தமிழில் எழுதி, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள நம் முதியோர் வாசிக்கும்படி பிரசுரிக்க வேண்டும் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.