பாடம் பழையது, பிள்ளைகள் புதியவர்கள்

(தூத்துக்குடியில் நடந்த ஆசிரியர் பயிற்சி முகாமில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்புக்கு ஒலி பாடம் நடத்தத் தொடங்கி எனக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பாடத்தின் நடுவே வழக்கமாகச் சொல்லும் வேடிக்கையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "சார், இதை எங்க அக்காவுக்கும் சொன்னீங்களாம். அடுத்து கப்பல் ஹாரன் பத்திச் சொல்லுவீங்கன்னு அக்கா சொன்னா" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அடுத்து நான் சொல்லவிருந்தது கப்பல் ஹாரனைப் பற்றித்தான்.

அந்த ஆண்டு நகரின் ஓரத்தில் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போயிருந்தேன். இரவு கணியான் கூத்து. நம் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களுக்கே உரிய கலை அது. அண்ணாவி கதை பாடுவார், ஒருவர் பின்பாட்டுப் பாடுவார். இருவர் மகுடம் அடிப்பார்கள். ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். பெண் வேடமிட்ட ஆண்கள் சலங்கை கட்டி ஆடுவார்கள். அன்று வந்த குழு பல ஆண்டுகளாக ஊர் ஊராகப் போகும் குழு. அண்ணாவிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சுடலை கதை கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்து என்ன வரும் என்று என் மாணவியைப் போல அவர்களாலும் சொல்லிவிட முடியும். ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

ஏன் என்று கவனித்துப் பார்த்தேன். தொடங்குவதற்கு முன் மகுடக்காரர்கள் தீ மூட்டி, தோலைச் சூடு காட்டினார்கள். விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டினார்கள். கடல்காற்றின் ஈரத்தில் நள்ளிரவுக்குள் தோல் தளர்ந்துவிட்டது. பாட்டை நிறுத்தி, மீண்டும் தீயருகே போனார்கள். 'இவ்வளவு நேரம் அடித்தாயிற்று, இனி யார் கவனிக்கப் போகிறார்கள்' என்று அவர்கள் விட்டுவிடவில்லை. அண்ணாவியோ கூட்டத்தைப் பார்த்தபடியே பாடினார். முன்வரிசையில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஓரிடத்தை நிதானமாக இரண்டாம் முறை சொன்னார். கதை பழையதுதான். ஆனால் அன்று அங்கே இருந்தவர்களுக்காகவே அது பாடப்பட்டது.

பழைய பாட்டைக் கேட்கக் கூட்டம் கூடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1965-இல் தொடங்கிய ஸ்கார்பியன்ஸ் என்ற ராக் இசைக்குழு, 2007-இல் மேகாலயாவின் ஷில்லாங்குக்கு வந்து பாடியது. ரசிகர்கள் கேட்க வந்தது தங்களுக்கு மனப்பாடமான பாடல்களைத்தான். அதே ஷில்லாங்கைச் சேர்ந்த லூ மஜாவ் என்ற பாடகர், 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று, பாப் டிலனின் பிறந்தநாளில், அவருடைய பாடல்களைப் பாடி வருகிறார். ஒலிப்பதிவு எத்தனை முறை ஓடினாலும் ஒன்றுதான். அதற்குக் கேட்பவரின் முகம் தெரியாது. நேரில் பாடுகிறவருக்குத் தெரியும். நான் என் வகுப்பில் ஒலிப்பதிவாகிப் போயிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ஆண்டு, தலைமையாசிரியரின் அனுமதியோடு மகுடக் கலைஞர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தோம். முற்றத்தில் தீ மூட்டி, சூடு காட்டுவதற்கு முன்னும் பின்னும் அடித்துக் காட்டினார். தோல் காய்ந்து இறுகுகிறது. இறுகினால் ஒரு நொடியில் ஏற்படும் அதிர்வுகள் கூடுகின்றன. அதனால் சுருதி உயர்கிறது. நான் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்பே பிள்ளைகள் இதைச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாணவன், "அப்போ மழை நாள்ல தவில்காரர் என்ன சார் செய்வார்?" என்று கேட்டான். அத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி அது. "எனக்குத் தெரியாதுப்பா, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இல்லை.

எமிஸ் பதிவு, தேர்வுப் பணி எல்லாவற்றுக்கும் நடுவே ஒவ்வொரு பாடத்துக்கும் கலைஞரை அழைத்துவர முடியாது என்பது எனக்கும் தெரியும். நான் இப்போது செய்வது இரண்டு சிறிய காரியங்கள். வகுப்பில் நுழைந்ததும் முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தைத் திறக்காமல் பிள்ளைகளோடு பேசுகிறேன். ஒவ்வொரு பாடக்குறிப்பின் கீழும், 'இந்த ஆண்டு புதிதாக என்ன?' என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறேன். சில பாடங்களில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கப்பல் ஹாரனை நான் விட்டுவிடவில்லை. இப்போது அதை நான் சொல்வதில்லை; துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இது எத்தனையாவது தடவை என்ற கணக்கெல்லாம் நமக்குத்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பாடம் இன்றுதான் முதல் தடவை. உங்கள் ஊரில் அடுத்த கொடைக்குக் கூத்து நடந்தால், கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாமல் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தோலைச் சூடு காட்டும் நேரத்தைத் தவறவிடாதீர்கள்.