காய்ச்சல் நின்றது, கவனிப்பு நிற்கலாமா?

(தாதியர் தினத்தை ஒட்டிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல, தாதியும் அல்ல. தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். இருதய அழற்சி நோயாளிகளுக்கான தாதிமைப் பராமரிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு தகுதிதான் உண்டு. 2013-ஆம் ஆண்டில் ஆறு வாரங்களுக்கு மேல் ஒரு மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கட்டிலில் படுத்திருந்தவர் என் அண்ணன்.

தொண்டையில் தொடங்கி இருதயத்தில் முடிந்த கதை

நாங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 1998-இல் அண்ணனுக்குப் பதினொரு வயது. ஒரு வாரம் தொண்டை வலி என்றார். அம்மா உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார். வலி போய்விட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. பிறகு கணுக்கால். அது வடிவதற்குள் முழங்கை. "வளர்ற பிள்ளை, அப்படித்தான் வலிக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அம்மா கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். ஒரு நாள் பள்ளிக்கூடத்துத் திடலில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அந்த நோயின் பெயர் ருமேட்டிக் காய்ச்சல். வாதக் காய்ச்சல் என்றும் சொல்வார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி தொண்டையைத் தாக்குகிறது. நம் உடம்பு அந்தக் கிருமியை எதிர்க்க ஒரு படையைத் திரட்டுகிறது. அந்தப் படை ஆள் அடையாளம் தெரியாமல் நம் சொந்த மூட்டுகளையும் இருதயத்தையுமே தாக்கிவிடுகிறது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இது வருகிறது. மூட்டு வீக்கம் தடம் இல்லாமல் ஆறிவிடும். இருதய வால்வில் விழுந்த தழும்பு மட்டும் ஆறுவதில்லை. அதிகம் பாதிக்கப்படுவது இடப்பக்கம் உள்ள மைட்ரல் வால்வு. "மூட்டை நக்கும், இருதயத்தைக் கடிக்கும்" என்று இந்த நோயைப் பற்றி மருத்துவ உலகில் பழைய சொல்வழக்கே இருக்கிறது.

இது பழங்கால நோய் என்று நினைத்துவிடாதீர்கள். உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த இருதய நோயோடு வாழ்கிறார்கள். இதைத் தடுக்க நாடுகள் முனைப்புக் காட்ட வேண்டும் என்று உலகச் சுகாதாரப் பேரவை 2018-இல் தீர்மானமே நிறைவேற்றியது. நெருக்கடியான வீடு, ஏழ்மை, தள்ளிப்போடும் மருத்துவம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் இந்த நோய் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மிஸ்ஸியின் நாட்குறிப்பு

அண்ணன் வீடு திரும்பினார். வால்வில் லேசான கசிவு இருந்தது. மருத்துவர் ஒரு கட்டளை போட்டார். நான்கு வாரத்திற்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டும். நிறுத்தவே கூடாது.

ஏன் அத்தனை ஊசி? ஒரு முறை இந்தக் காய்ச்சல் வந்தவருக்கு அடுத்த தொண்டை அழற்சியில் அது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் பாழாகும். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. இருதயம் பாதிக்கப்படாதவர் குறைந்தது ஐந்து ஆண்டு அல்லது 21 வயது வரை, இதில் எது நீண்டதோ அதுவரை போட வேண்டும். வால்வில் நிலையான பாதிப்பு உள்ளவர் பத்து ஆண்டு அல்லது 40 வயது வரை, சிலர் ஆயுள் முழுக்கவும் போட வேண்டியிருக்கும். உகாண்டாவில் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 818 பிள்ளைகளை ஈராண்டு கவனித்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. ஊசி போட்ட பிள்ளைகளில் நோய் முற்றியது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. போடாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்.

அந்த ஊசி சாதாரண ஊசி அல்ல. மருந்து கெட்டியாக இருக்கும். தசைக்குள் இறங்கும்போது நெருப்பு மாதிரி வலிக்கும். எங்கள் ஊர் கிளினிக்கில் ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தார். மருந்தை முதலில் தம் உள்ளங்கையில் வைத்து அதன் குளிர்ச்சியைப் போக்குவார். ஊசி போடும் இடத்தைக் கட்டைவிரலால் சில விநாடி நன்றாக அழுத்துவார். பிறகு மெல்ல, மிக மெல்ல மருந்தைச் செலுத்துவார். அதற்குள் அண்ணனிடம் பந்து விளையாட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிடுவார். நாட்குறிப்பில் அடுத்த தேதியை எழுதிக்கொள்வார். ஒரு நாள் தாமதமானால், "தம்பி ஏன் வரவில்லை?" என்று தோட்டத்துக்கு ஆள் மூலம் கேட்டு அனுப்புவார்.

தாதிமை என்பது ஊசி குத்துவது மட்டும் அல்ல என்பதை அன்றைக்கே அவர் காட்டியிருக்கிறார். எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

நான் காப்பாற்றிய ரகசியம்

2004-இல் எஸ்.பி.எம். முடித்த அண்ணன் வேலை தேடி கோலாலம்பூருக்குப் போனார். அங்குள்ள கிளினிக்கில் ஊசியைத் தொடர மிஸ்ஸி கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தவர் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி, ஊசி போட்டு ரெண்டு மாசமாச்சு. எனக்கு ஒன்னும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். அம்மாகிட்ட சொல்லிடாதே."

எனக்கு அப்போது பதினான்கு வயது. நான் சொல்லவில்லை. அண்ணன் என்னை நம்பி ஒரு ரகசியத்தைச் சொன்னாரே என்ற பெருமை வேறு. ஒன்பது ஆண்டுகள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினேன்.

2013-இல் அண்ணனுக்கு ஒரு பல் சொத்தை. சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் மூன்று நாள் மருந்து வாங்கிச் சாப்பிட்டார், நின்றது. மீண்டும் வந்தது. மீண்டும் மூன்று நாள் மருந்து. இப்படியே ஒரு மாதம். இரவில் சட்டை நனையும் அளவுக்கு வேர்வை. உடம்பு பாதியாகிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்தபோது சொன்ன பெயர் என்டோகார்டைட்டிஸ், அதாவது இருதய உள்ளுறை அழற்சி. வாயிலிருந்து இரத்தத்தில் இறங்கிய கிருமி பழுதான வால்வில் போய்க் குடியேறிவிட்டது. ஊசி நின்ற ஆண்டுகளில் தொண்டை அழற்சி திரும்பத் திரும்ப வந்து வால்வு மேலும் கெட்டுப் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தாதியர் செய்த காரியங்கள்

வந்த அன்றே மூன்று முறை, வெவ்வேறு இடத்தில் இரத்தம் எடுத்தார்கள். "ஏற்கெனவே இளைத்த பிள்ளை, இத்தனை இரத்தமா?" என்று அம்மா சண்டைக்கே போய்விட்டார். ஒரு மலாய் மிஸ்ஸிதான் அம்மாவை உட்கார வைத்து விளக்கினார். மருந்து ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுத்தால்தான் கிருமி எது என்று பிடிபடும், பிடிபட்டால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்றார். இடையிடையே மூன்று நாள் சாப்பிட்ட மருந்துகள் ஏன் கெடுதல் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவை கிருமியை ஒழிக்கவில்லை, ஒளித்துத்தான் வைத்தன.

மருந்து நரம்பு வழியாக ஆறு வாரம். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரவு இரண்டு மணிக்கும் மிஸ்ஸி வந்து நிற்பார். இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கினால் கிருமி தலைதூக்கும் என்பதால் நேரம் தவறக் கூடாது. ஊசி செருகிய இடம் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். பெயரைச் சொல்லச் சொல்வார், சிரிக்கச் சொல்வார், இரண்டு கையாலும் தம் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்தோம். வால்வில் ஒட்டியிருக்கும் கிருமிக் கட்டி உடைந்து மூளைக்குப் போனால் பேச்சு குழறும், ஒரு பக்கம் சோர்ந்துவிடும். அதை முதல் நிமிடத்திலேயே பிடிப்பதற்கான சோதனை அது.

இரண்டாம் வாரம் காய்ச்சல் நின்றது. அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம் பிடித்தார். சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று பாரம் கேட்டார். அந்த மலாய் மிஸ்ஸி பாரத்தை எடுத்து வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய பழைய கதையை முழுக்கக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அன்றைக்கு ஊசியை நிறுத்தியபோதும் இப்படித்தான் நன்றாக இருந்தாயா, அடிக்?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. பாரத்தையும் அதன் பிறகு கேட்கவில்லை.

நான்காம் வாரம் ஒரு காலை, எடை பார்த்தார்கள். ஒரே நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தது. அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. வீட்டுச் சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது என்று சொல்லிச் சிரித்தார். மிஸ்ஸி சிரிக்கவில்லை. கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார், குழி விழுந்தது. இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தாய் என்று கேட்டார். மூன்று என்றார் அண்ணன். மிஸ்ஸி உடனே மருத்துவரை அழைத்தார். ஏறியது சதை அல்ல, தண்ணீர். இருதயம் தளர்ந்துகொண்டிருந்தது. அந்த வாரமே அறுவைச் சிகிச்சை நடந்து செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. ஒரு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறுவை மருத்துவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

வீட்டில் நாமும் தாதியரே

நேயர்களே, இருதயத்தையும் இரத்தக் குழாயையும் தாக்கும் அழற்சி இது ஒன்று மட்டும் அல்ல. இருதயத்தைச் சுற்றிய உறையில் அழற்சி வந்தால் படுக்கும்போது நெஞ்சு வலி கூடும், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். இருதயத் தசையில் வந்தால் மாதக் கணக்கில் ஓட்டம், பந்து விளையாட்டு போன்றவற்றை ஒதுக்கி வைக்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர் தோமிசாக்கு கவாசாகி 1967-இல் விவரித்த கவாசாகி நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தக் குழாய்களைத் தாக்குகிறது. ஐந்து நாள் விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, செம்புற்றுப்பழம் போன்ற நாக்கு, வீங்கிய கை கால் இவையே அடையாளம். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் இருதயக் குழாய் புடைத்துப் போகும் ஆபத்து நான்கில் ஒன்று என்ற நிலையிலிருந்து நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்கு இறங்குகிறது. ஆகவே குழந்தையின் காய்ச்சல் எத்தனை நாள் என்ற கணக்கை எழுதி வையுங்கள்.

இன்னும் சில செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினால் ருமேட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். பத்து நாள் மாத்திரை கொடுத்தால் பத்து நாளும் கொடுங்கள்.

வால்வில் பழுது உள்ளவர்கள் பல்லைப் பேண வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்கள் பல் பிடுங்கும் முன் அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஒரு வேளை மருந்து சாப்பிட வேண்டியிருக்கும்.

உலோக வால்வு உள்ளவர்கள் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவார்கள். ஐ.என்.ஆர். சோதனையைத் தவறவிடாதீர்கள். கீரையை விட வேண்டாம், ஆனால் ஒரு வாரம் கட்டுக் கட்டாகவும் மறு வாரம் ஒன்றும் இல்லாமலும் சாப்பிடாதீர்கள். ஜாமு, நாட்டு மருந்து, கடையில் வாங்கும் வலி மாத்திரை எதுவானாலும் மிஸ்ஸியிடமோ மருத்துவரிடமோ கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

இருதய நோயாளியை நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். திடீரென்று எடை ஏறினால் என் அம்மாவைப் போல் மகிழ்ந்துவிடாதீர்கள்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகில் இருந்து கவனிப்பவர். நான்காமவரையும் சமமாக வைத்து எண்ணியிருக்கிறார். நாமோ குணமானதும் மருத்துவருக்கு மாலை போடுகிறோம், மருந்துக்குப் பணம் கொடுக்கிறோம், இரவு இரண்டு மணிக்கு வந்து நின்றவரின் பெயரைக்கூடக் கேட்டு வைப்பதில்லை.

என் அண்ணனுக்கு இப்போது 38 வயது. ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. நான்கு வாரத்திற்கு ஒரு முறை இன்றும் ஊசிக்குப் போகிறார். தேதியை என் கைத்தொலைபேசியில் நான்தான் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் தாமதமானால் அம்மாவுக்கு மட்டும் அல்ல, அண்ணிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். "துரோகி" என்று திட்டுவார். திட்டட்டும்.

உங்கள் வீட்டில் யாராவது, "எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன், யாரிடமும் சொல்லாதே" என்று உங்கள் காதில் சொன்னால், தயவு செய்து அந்த ரகசியத்தைக் காப்பாற்றாதீர்கள்.